காலி எடை

சந்திப்புக்கு வருகிற ஒவ்வொருத்தியும்
கல்லூரியில் பாடமாக இருந்ததில் ஒன்றை
மறுபடி படித்துவிட்டு வந்து
பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.
காரைக்குடியிலிருந்து சிகப்பி போனில் சொன்னபோது
நெல் லாரி ஒன்று எடைமேடையில் ஏறி நின்றது.
பதினாறு டன் நானூற்று இருபது, என்றேன்.
என்னடி, என்றாள்.

அறநூலை அதற்குள் மூன்று பேர் பிடித்துவிட்டார்கள்.
போகட்டும். அது
பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் இருக்கிறது,
தாலுகா ஆபீஸ் சுவரில் இருக்கிறது.
மறக்க விட்டால்தானே மறுபடி படிக்க.
அகப்பாடல்கள் உமையாளுக்காம்.
அவளுக்குத்தான் பொருந்தும்.
வகுப்பில் தாண்டிப்போன பக்கங்களை
ஹாஸ்டல் மொட்டைமாடியில்
குரலைத் தாழ்த்தாமல் வாசித்தவள்.

மிச்சம் இருந்தது
நான் இரண்டு முறை அரியர் வைத்த காப்பியம்.

தை மாதம். புதுவயலில் எல்லா மில்லும் ஓடுகிறது.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
தவிடு பறக்கிற ஜன்னலைச் சாத்திவிட்டு
ஏழாம் படலத்தைத் திறந்தேன்.
ஓரமெல்லாம் பென்சிலில் என் பழைய கையெழுத்து:
முக்கியம். மிக முக்கியம்.
போன மார்ச்சில் வந்தது, இனி வராது.
கோடு போட்ட இடங்களில் எல்லாம் அரசன்.
அவன் தேர், அவன் கொடி, முரசு, தோள், மறுபடி தோள்.

கதை இவ்வளவுதான்.
சமாதான ஓலையோடு ஒரு தூதன் கிளம்புகிறான்.
பாதி வழியில் குதிரை நொண்டுகிறது.
இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு
இரவெல்லாம் அதன் கூடவே நடக்கிறான்.
ஒரு பகல் தாமதம்.
போய்ச் சேரும்போது போர் முடிந்திருக்கிறது.

தவறு யாருடையது? கட்டுரை வரைக.
நோட்ஸில் விதி என்று இருந்தது.
நான் தூதன் என்று எழுதினேன்.
குதிரையை விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும் என்று
நான்கு பக்கம், உட்தலைப்புகளோடு.
அக்டோபரிலும் அதையேதான் எழுதினேன்.
கண்டனூரில் பஸ் இரண்டு நிமிடம் நின்றால்கூட
எரிச்சல் வருகிற வயது.

இப்போது எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதுதானே வேலை.
குளம்பில் ஏறிய கல்,
அதை எடுத்த விரல்,
காயத்தைச் சுற்றிக் கட்ட அவன் அவிழ்த்த
ஓலையுறையின் பட்டு:
குதிரைக்குப் பதினோரு வரி.
அரசன் விழுந்ததற்கு அரை வரி.
மிச்ச அரை வரியில் மழை பெய்கிறது.
அந்தப் பக்கத்தில் ஒரு பென்சில் கீறல்கூட இல்லை.

உடனே அவன் செய்தது சரி என்று ஆகிவிடாது.
எரிந்த ஊர்களுக்கும் வரி இருக்கிறது,
அதையும் எண்ணினேன். நாற்பது.
பெயர் பெயராக வருகிறது, ஏரி, களத்துமேடு,
கட்டை அவிழ்க்க ஆளில்லாத மாடுகள்.
நாற்பதை ஒரு தட்டிலும்
பதினொன்றை ஒரு தட்டிலும் வைத்தால்
என் பழைய விடைதான் இன்னும் இறங்குகிறது.
ஆனால் அந்தப் பட்டு.
அரச முத்திரை குத்திய பட்டை
யாரிடமும் கேட்காமல் கிழித்திருக்கிறான்.

ஹாரன்.
அடைக்கலம், கல்லல்காரன்,
நெல்லை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு மேடையில் நிற்கிறான்.
“என்னக்கா, பரீட்சையா?”
“பழைய பாக்கிப்பா.”
“இன்னும் எத்தனை பேப்பரு?”
“ஒண்ணுதான்.”
“எழுதிருங்க, எழுதிருங்க” என்றான்,
ஏதோ நான் பயந்துகொண்டிருப்பது போல.

காலி எடை ஐந்து டன் எண்ணூறு.
சீட்டின் நகலைப் பக்கத்துக்குள் வைத்து மூடினேன்.

சிகப்பிக்குச் சொல்ல வேண்டும்,
இதைத்தான் எடுத்திருக்கிறேன் என்று.
பத்து நிமிடம் போதாது என்றும்.
தூதன் அழுதுகொண்டு ஊர் திரும்பினான் என்று
நோட்ஸில் இருக்கிறது.
குதிரை பிழைத்ததா என்று இல்லை.
இன்னும் இரண்டு படலம் பாக்கி.
வெளியே ஐந்தாறு லாரி வரிசையில் நிற்கிறது.